நம்பர் மட்டும் சரி

என் வீட்டுக்காரர் நம்பர் எழுதுகிறவர். வண்டிகளின் முன்னாலும் பின்னாலும் இருக்கிறதே, அந்த நம்பர். லாரி, டிராக்டர், பள்ளிக்கூட வேன் என்று எது வந்து நின்றாலும் எழுதுவார். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஒரு நீள மேசை, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக எனாமல் டப்பாக்கள், முடி கொட்டியும் கொட்டாமலும் இருக்கிற பட்டை பிரஷ்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டர்பன்டைன் வாசனையில்தான் குடித்தனம் நடத்துகிறேன்.

அவருக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறையை நான் நிரப்பிவிடுவேன் என்று எங்கள் தெருவே சொல்லும். ஆனால் கடையில் அவர் ஒரு வார்த்தையைத் தவறாமல் சொல்வார். நம்பரை எழுதி முடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்காரரைப் பார்த்து "வாசிங்க" என்பார். அவர் ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். இவர் வண்டியின் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். பிறகு "இன்னொரு தடவை" என்பார். இரண்டு தடவை வாசிக்காமல் எந்த வண்டியும் எங்கள் வாசலை விட்டுப் போனதில்லை. பெரிய அதிகாரி ஒருவர் "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று முறைத்தார். "இருந்தா என்ன, வாசிங்க" என்றார் இவர்.

காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வேனுக்கு ஒன்று போட வேண்டிய இடத்தில் ஏழு போட்டுவிட்டார். வேன்காரரை வழியில் பிடித்து, நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். அவர் ஏற்றி வர வேண்டிய பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் இருட்டும் வரை நின்றிருக்கிறார்கள். வேன்காரர் வந்து திட்டவில்லை. "உங்களை நம்பித்தானே விட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் ஒரு தப்பு நம்பர் கிடையாது. அந்தக் கை தப்பு நம்பர் எழுதாது, எழுதச் சொன்னாலும் எழுதாது. இதை நான் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் வரைகிற பழக்கம் நாற்பத்தேழு வயதில் வந்தது. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், இவருக்கு வாட்டர் கலர் வந்தது. ஒரு கிராமத்தில் டிராக்டருக்கு நம்பர் எழுதப் போனவர், வயல் ஓரத்தில் கதவில்லாத ஒரு பழைய கார் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியாக உள்ளே போன கொடி, கூரை ஓட்டை வழியாக வெளியே வந்து பூத்திருந்ததாம். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் ஓர் ஓட்டைக் காரைப் பற்றி அரை மணி நேரம் பேசியதும் நான் பயந்தே போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகள் வாங்குகிற கலர் டப்பாவும் கெட்டிக் காகிதமும் வாங்கிக்கொண்டு அந்த வயல் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எனாமலில் கை தவறினால் துடைத்துவிட்டு மேலே இன்னொரு பூச்சுப் பூசலாம். வாட்டர் கலரில் அது நடக்காது. வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். தொட்டது தொட்டதுதான். வாரத்தில் ஆறு நாள் ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்கிற கைக்கு அந்தத் தண்ணீரின் ஓட்டம் பிடித்துப்போய்விட்டது. துருவை அவர் வரைகிற விதமே தனி. ஈரக் காகிதத்தில் செம்பழுப்பை ஒரு சொட்டு விட்டு, அதுவாகப் பரவ விடுவார். ஈரம் காய்வதற்குள் "கொஞ்சம் உப்பு" என்று கையை நீட்டுவார். நான் சமையலறையிலிருந்து கல்லுப்பு கொண்டுவந்து கொடுப்பேன். அதைத் தூவிக் காயவிட்டுத் தட்டினால், துரு தின்ற இரும்பு எப்படிப் பொரிந்திருக்குமோ அப்படியே இருக்கும். தடவினால் விரலில் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றும்.

நான் நகர நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற இடத்தில் உட்காருகிறவள். சனிக்கிழமைகளில் நூலகத்தின் மாடி அறையில் படம் வரைகிறவர்கள் கூடுவார்கள். ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர்தான் தலைவர். நான்தான் இவரை இழுத்துப் போய் அங்கே சேர்த்தேன். வயலும் வரப்புமாக, நடுவில் ஒரு துருப்பிடித்த வண்டியுமாக இவர் வரைந்துகொண்டு போய்க் காட்டக் காட்ட, அங்கே இவருக்குத் 'துருக்காரர்' என்று பெயரே விழுந்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. எனக்குக் கொஞ்சமும் இல்லை. என் புருஷன் துருக்காரர் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் அந்தக் குழு ஒரு கண்காட்சி வைத்தது. ஆளுக்கு ஐந்து படம். இவரிடம் நாலு தயாராக இருந்தது. ஐந்தாவதைத் தேடி ஸ்கூட்டரில் கிளம்பிப் போனவர், பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்தில், ஒரு கிராமத்தில் இன்னொரு காரைக் கண்டுபிடித்தார்.

அது துருப்பிடித்த கார் இல்லை. இந்த இடத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், எங்கள் வெட்கக்கேடு இங்கேதான் ஆரம்பிக்கிறது. அது பழைய கார், ஓடாத கார். ஆனால் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தகரக் கூரையின் கீழ் பளபளவென்று நின்றது. சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய ஒரு டிரைவர். முப்பத்திரண்டு வருடம் அதை வாடகைக்கு ஓட்டியவர். இன்ஜினுக்கு வேண்டிய ஏதோ ஒரு பாகம் எங்கேயும் கிடைக்காமல் ஒன்பது வருடமாக நிறுத்தி வைத்திருக்கிறார். தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியுமாகப் போய்க் கழுவித் துடைப்பார். ஓடாத வண்டிக்கு எதற்குக் குளியல் என்று கேட்டவர்களுக்கு, "படுத்துக் கிடக்கிற ஆளைக் குளிப்பாட்ட மாட்டோமா?" என்று பதில் சொல்வாராம்.

இரண்டாவது ஞாயிறு நானும் கூடப் போனேன். டிரைவர் எங்களுக்காக ஸ்டூலும் நாற்காலியும் போட்டு வைத்திருந்தார். வரையத் தண்ணீரை அவரே கிணற்றிலிருந்து இறைத்துக் கொடுத்தார். கலங்கக் கலங்க மாற்றியும் கொடுத்தார். கூரைக்குள் வெளிச்சம் போதாமல் இவர் கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்ப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வெளியில தள்ளிடலாமா?" என்று கேட்டார். அவரும் அவர் மனைவியும் மகளும் தள்ள வந்துவிட்டார்கள். மருமகன் மட்டும் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒரு கை கொடுங்க."

"தள்ளினா ஓடவா போகுது மாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் எழுந்து வந்தார்.

டிரைவரின் மனைவி என் காதோடு சொன்னார். "இதை எடைக்குப் போட்டுட்டு அந்த எடத்துல தீவன மூட்டை அடுக்கலாம்னு மாப்பிள்ளை சொல்றார். அவர் சொல்றதும் தப்பில்ல, எடமில்லதான். இவர்தான் பிடிவாதமா இருக்கார்."

டிரைவருக்குப் பாம்புச் செவி. "டவுன்ல மாட்டப் போறாங்கள்ல, மாப்ளயும் வந்து பார்க்கட்டும். நாலு பேர் நின்னு பார்க்கிற பொருளை எடைக்குப் போடச் சொல்றாரான்னு அப்புறம் கேட்கிறேன்" என்றார்.

"சரி மாமா, பார்த்துட்டே சொல்றேன். அதுவரைக்கும் வாயே திறக்கல" என்றார் மருமகன். நல்ல பையன்தான். சொன்னபடி அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு என் வாயும் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்காரர் தப்பு நம்பரே எழுத மாட்டார், ஒவ்வொருவரையும் இரண்டு தடவை வாசிக்க வைப்பார் என்று அளந்துகொண்டிருந்தேன். டிரைவர் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "அப்படி ஒரு ஆளு கையில நம்ம வண்டி மாட்டியிருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு இவர் கண்காட்சி நோட்டீஸைக் கொடுத்தபோது, அதை நாலாக மடித்து, காரின் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினாராம்.

படம் வீட்டுக்கு வந்தது. நான் பார்த்தேன். சுத்தமான கார், சுத்தமான வாசல், ஓரமாக ஒரு கிணறு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் கடைசியில் எழுத வெள்ளையாக விட்டிருந்தார்.

"கார் விக்கிறவன் அடிக்கிற காலண்டர் மாதிரி இருக்கு" என்றேன்.

"வண்டி அப்படித்தான் இருக்கு."

"துருக்காரர் படத்துல துரு எங்கன்னு கேட்க மாட்டாங்களா?"

"அதுல துரு இல்லையே."

"இல்லன்னா வைங்களேன். படம்தானே, பத்திரமா?"

பெரிய நகைச்சுவை சொன்னதாக நினைத்து நானே சிரித்தும்கொண்டேன். அவர் இரண்டு நாள் அந்தப் படத்தை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் முன்னறையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் உப்பு." நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். கேட்டது கொஞ்சம்தான், நான் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன்.

ஆரம்பித்த பிறகு அவர் கை நிற்கவில்லை. கதவில் துரு, கைப்பிடியிலிருந்து துருத் தண்ணீர் வழிந்த தடம், உடைந்த விளக்கு, காற்றுப்போன டயர், டயரைச் சுற்றி இடுப்பளவு புல். இன்ஜின் மூடி மேல் ஒரு கோழி. வாசலும் கிணறும் புதருக்குள் போய்விட்டன. அவர் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான், அதை இப்போதும் சொல்வேன். கடைசியாக, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கடை பிரஷ்ஷில் மெல்லியதையும் கறுப்பு எனாமலையும் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நம்பரை எழுதினார். எழுதிவிட்டு பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்து "வாசி" என்றார்.

"நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு."

"இன்னொரு தடவை."

வாசித்தேன். நம்பர் சரியாக இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் திருப்தி. அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. இவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "டிரைவர் அண்ணன் வந்துட்டார்னா?" நான்தான் சொன்னேன், "ரெண்டு பஸ் மாறி எங்க வரப் போறார், விடுங்க" என்று. அவர் விட்டுவிட்டார். படங்களுக்குக் கீழே ஒட்டுகிற பெயர்ச் சீட்டுகளை நூலகத்தில் அச்செடுத்தவளும் நான். அந்தப் படத்துக்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. நான் யோசித்து யோசித்து ஒரு பெயர் வைத்தேன். 'அநாதை.'

முதல் நாளே நல்ல கூட்டம். 'அநாதை'க்கு முன்னால்தான் அதிகம் பேர் நின்றார்கள். ஓவிய வாத்தியார் வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய் நிறுத்தினார். நான் கீழே என் இடத்தில் உட்கார்ந்து, மாடியிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு வாசலில் டிரைவர் நின்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. பின்னால் மனைவி, மகள், மருமகன். எல்லோரும் விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள்.

"தங்கச்சி, நம்ம வண்டி எங்க இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம், மாடிக்கு ஓடிப் படத்தைக் கழற்றியிருக்கலாம். தெருவையே வாயால் கட்டி ஆள்கிறவளுக்கு அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாடிப்படியைக் கையால் காட்டினேன். அவர்கள் ஏறினார்கள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

டிரைவர் சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். 'அநாதை'க்கு முன்னால் நின்றார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் அவரிடம், "பாவம், யாரு இப்படி விட்டுட்டுப் போனாங்களோ" என்றார்.

"ஆமாம்மா. வண்டியை இப்படியெல்லாம் விடக் கூடாது. பாவம்" என்றார் டிரைவர்.

அப்படியே கடந்து போய்விட்டார். சுவரின் கடைசிவரை போய்த் திரும்பி, மூலையில் வெளிறிப்போய் நின்ற என் வீட்டுக்காரரிடம் வந்து, "என்ன தம்பி, நம்ம படம் மாட்டலையா?" என்று கேட்டார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து மருமகன் மெதுவாகக் கூப்பிட்டார்.

"மாமா, இங்க வாங்க. நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு."

டிரைவர் திரும்பிப் போனார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். உதடு அசைந்தது, நம்பரை வாசிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு படத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தார். விளக்கை, டயரை, கோழியை. கடைசியில் கீழே நான் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அநாதையா?" என்றார். சத்தமே இல்லை. "நான் இருக்கேனே தம்பி."

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அதுவரை அதை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். அந்த மாடி அறையில் நிஜமாகவே தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் "அண்ணே, அது படத்துக்காக..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். டிரைவரின் மனைவி, "எங்க கிணறு எங்க போச்சு?" என்று என்னிடம் கேட்டார். குத்திக் காட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மருமகன் ஒரு வார்த்தை ஏளனமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அவர் மாமனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அவர்கள் இறங்கியதுமே இவர் படத்தைக் கழற்றினார். ஓவிய வாத்தியார், "என்னய்யா இது, அதுதான்யா நம்ம கண்காட்சியே" என்று தடுத்துப் பார்த்தார். இவர் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் பிரித்து, படத்தைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். துருவைக் கழுவி எடுத்துவிடலாம் என்று எந்த நம்பிக்கையில் செய்தாரோ தெரியவில்லை. பஞ்சால் ஒற்றினார், பிரஷ்ஷால் தேய்த்தார். துரு கரைந்து கார் முழுக்கப் பரவியது, காகிதம் நூல் நூலாக எழும்பியது. வெள்ளை திரும்பி வரவில்லை. கோழி போனது, கார் போனது, சேறு மாதிரி ஒரு பழுப்பு மிஞ்சியது. அதன் நடுவில் கறுப்பு எனாமலில் எழுதிய நம்பர் மட்டும் ஓர் இழை கலையாமல் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். உப்பைக் கொடுத்தவள் நான்தான் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் கடை வேலை தவிர வேறு எதற்கும் பிரஷ்ஷைத் தொடவில்லை. "வாசிங்க" என்று சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே, "போய் நிக்கணும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கார் தகரக் கூரையின் கீழ்தான் நின்றது. பதினைந்து நாள் தூசி அதன் மேல் இருந்தது. வாளி கவிழ்த்துக் கிடந்தது. மூடி மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. இவர் அந்தக் கோழியைப் பார்த்ததும் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"பக்கத்து வீட்டுக் கோழி" என்றார் டிரைவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "முன்னெல்லாம் விரட்டிக்கிட்டிருந்தேன். வாங்க, உட்காருங்க."

இவர் உட்காரவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே" என்றார்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, அந்தம்மாகூடப் பார்த்துப் பாவப்பட்டாங்களே. பஸ்ல வரும்போது மாப்ள ஒரு வார்த்தை பேசல. நானே சொல்லிட்டேன், எடைக்குப் போட்டுடலாம்னு. வியாழக்கிழமை லாரி வருது." காரைப் பார்த்தார். "நீங்க பார்த்த மாதிரிதானே எல்லாரும் பார்க்கிறாங்க. நான் ஒருத்தன்தான் வேற மாதிரி பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்."

என்னால் அடக்க முடியவில்லை. "அவர் அப்படிப் பார்க்கலண்ணே. அவர் இருக்கிறபடிதான் வரைஞ்சுக்கிட்டு வந்தார். துரு வைங்கன்னு சொன்னது நான். நீங்க எங்க வரப் போறீங்கன்னு சொன்னது நான். அந்தப் பேர் வச்சதும் நான்தான்."

டிரைவர் என்னைப் பார்த்தார். "நீங்களா?" என்றார். "அவ்வளவு புஸ்தகத்துக்கு நடுவுல உட்கார்ந்திருக்கீங்க. வேற பேர் ஒண்ணும் கிடைக்கலையா தங்கச்சி?" என்று கேட்டார். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேட்கணும் தம்பி. எல்லாத்தையும் மாத்தினீங்க, நம்பரை மட்டும் ஏன் விட்டீங்க? அதையும் மாத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பாவம்னு சொல்லிட்டு வந்திருப்பேன்."

"தப்பு நம்பர் எழுத வரலண்ணே."

"அப்ப உங்க நேர்மை நம்பரோட நின்னு போச்சு" என்றார் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. இவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நான் ஏதாவது செய்யணும்ணே. திரும்பவும் வரையறேன், இருக்கிறபடியே..."

"படமெல்லாம் வேணாம்." டிரைவர் எழுந்து போய்க் காரின் முன்னால் நின்றார். "நம்பர் மங்கிப் போச்சு பாருங்க. போற வண்டி நம்பரோட போகட்டும். எழுதிக் கொடுங்க. அது ஒண்ணைத்தான் உங்களை நம்பி விடலாம்."

கடை டப்பா எப்போதும் ஸ்கூட்டரில் இருக்கும். இவர் எடுத்துக்கொண்டு வந்து காரின் முன்னால் உட்கார்ந்தார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தூசி மேல பெயின்ட் நிக்காதுண்ணே" என்றார். டிரைவர் கவிழ்ந்து கிடந்த வாளியைப் பார்த்தார். பிறகு அவரே போய் அதை நிமிர்த்தினார்.

நம்பர் பிளேட்டை மட்டும் துடைக்கத்தான் ஆரம்பித்தார். பிளேட்டுக்கு மேல் பம்பர், பம்பருக்கு மேல் விளக்கு என்று அவர் கை போய்க்கொண்டே இருந்தது. கோழி தானாகவே இறங்கிப் போனது. நான் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன், ஒரு துணியை எடுத்துக் கதவைத் துடைத்தேன். "வட்டமாத் துடைக்காதீங்க தங்கச்சி, கோடு விழும். நீளவாக்குல" என்றார். நீளவாக்கில் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அந்தக் கதவில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

லாரி வரவில்லை, டிரைவர் மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். வியாழக்கிழமை லாரி வந்தது, கார் போனது. மருமகன்தான் பின்னால் நின்று தள்ளி ஏற்றினாராம், இரண்டு கையாலும். டிரைவரின் மகள் பிறகு போனில் சொன்னாள். அந்த இடத்தில் இன்னும் தீவன மூட்டை அடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. இவர் பின்பக்கம் எழுதி, முன்பக்கம் எழுதினார். நாலு இலக்கத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. எழுதி முடித்து பிரஷ்ஷைக் கீழே வைத்தார். முப்பது வருடமாகத் தானாக வருகிற அந்த வார்த்தை அன்றைக்கு வரவில்லை. அந்த மனிதரைப் பார்த்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. குனிந்தபடியே டப்பாவை மூடத் தொடங்கினார்.

டிரைவர் காத்திருந்து பார்த்தார். "எல்லாரையும் வாசிக்கச் சொல்வீங்களாமே" என்றார். "தங்கச்சி சொன்னாங்களே."

இவர் நிமிரவில்லை. டிரைவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தானாகவே வாசித்தார்.

"நாலு. ஒண்ணு. ஏழு. ஏழு."

வாசித்துவிட்டு நின்றார். அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும், அதற்காகத்தான் நின்றார். என் வீட்டுக்காரரின் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அதனால் நான் சொன்னேன்.

"இன்னொரு தடவைண்ணே."

டிரைவர் காரின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். முதல் தடவையைவிட மெதுவாக வாசித்தார்.

"சரியா இருக்கு" என்றார்.